இரண்டு பரீட்சை எழுதியவர்

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1931-ம் ஆண்டு அங்கே தமிழுக்கு முதல் பேராசிரியராக ஒரு துறவி வந்து சேர்ந்தார். காவி உடுத்தவர். இலங்கையில் பிறந்தவர். அவர் வாங்கியிருந்த பட்டமோ விஞ்ஞானப் பட்டம்!

விஞ்ஞானம் படித்தவர் தமிழ்ப் பேராசிரியர் ஆனது எப்படி?

அவர்தான் விபுலானந்த அடிகள்.

மயில்வாகனன்

அடிகளின் இளமைப் பெயர் மயில்வாகனன். மட்டக்களப்புப் பகுதியில் உள்ள காரைதீவில் 1892-ல் பிறந்தார். தந்தை சாமித்தம்பி. தாய் கண்ணம்மை.

பள்ளியில் கணிதத்தில் கெட்டிக்காரர். 16-வது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார்.

மேலே படிக்க ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு!

கொழும்பு அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து விஞ்ஞானம் படித்தார். அதே சமயத்தில் தமிழ்ப் புலவர்களை அடுத்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார்.

மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய தமிழ்ச் சங்கம் பண்டிதர் பரீட்சை நடத்திவந்தது. மயில்வாகனன் அதற்கும் படித்தார். 1916-ல் விஞ்ஞானத்திலும் தேறினார். பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். மதுரைச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தை முதன்முதலில் பெற்ற இலங்கையர் அவரே.

கடல் தாண்டாமல் பட்டம்

1917-ல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர் ஆனார்.

லண்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு வசதி இருந்தது. லண்டனுக்குப் போகாமலே அதன் பரீட்சையை எழுதலாம். ஆனால் படிப்பது அவரவர் பாடு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே தானும் படித்தார் மயில்வாகனன். 1920-ல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியும் அவரைத் தேடி வந்தது.

நல்ல பதவி, நல்ல மதிப்பு. ஆனால் அவர் மனம் அதில் நிலைக்கவில்லை. 1922-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார்.

சேரியில் பாடம்

சிதம்பரத்தில் பேராசிரியராக இருந்தபோதும் அடிகள் வகுப்போடு நின்றுவிடவில்லை. பக்கத்தில் உள்ள திருவேட்களத்தில் ஏழைகள் வாழ்ந்த சேரிக்குப் போய்த் தொண்டு செய்தார். அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1933 வரை பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

யாழ் பேசியது

பழந்தமிழரின் யாழ் மறைந்துபோன கருவி. அது எப்படி இருந்தது, எத்தனை நரம்பு, எந்த நரம்பில் எந்தச் சுரம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தில் குறிப்பு உண்டு. அதைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் புலமை வேண்டும். நரம்பின் அளவையும் ஒலியின் அளவையும் கண்டுபிடிக்கக் கணிதமும் விஞ்ஞானமும் வேண்டும்.

இரண்டும் அடிகளிடம் இருந்தன! சுமார் 14 ஆண்டுகள் ஆராய்ந்தார். கணக்குப் போட்டு யாழ்களையும் அமைத்தார். 1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறியது.

அடுத்த மாதமே, ஜூலை 19-ந் தேதி, அடிகள் காலமானார்.

பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைப் பரணில் போடுபவர்கள் உண்டு. அடிகளோ 1916-ல் படித்த இரண்டு படிப்பையும் கடைசிவரை கைவிடவில்லை. அதனால்தான் மறைந்த யாழ் மறுபடி ஒலித்தது.