தாளில் இருந்த பெயர்

பாலசமுத்திரம் படிப்பகத்தில் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். கொய்யாத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் தோழர் ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்ன செய்தி என்று கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சியான மகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாராம். அங்கே எடுத்த இரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி உண்டா என்றும் பார்க்கிறார்களாம். மானமுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தச் சோதனை எதற்கு, அது அப்படிப்பட்ட பெண்களுக்கு வரும் நோய் அல்லவா என்று குமைந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளையும் எடுத்து நீட்டினார். மகப்பேற்று உதவித் தொகைக்கான தாள் அது. அதன் தலைப்பில் இருந்த பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

இவர் யார் தெரியுமா என்றேன். தெரியாது என்றார். அவருக்கு அன்று சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர், கல்வித் துறையில் இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலில் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்துக்கு இரையான குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள்! 1868-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். அவனுடைய சிப்பாய்களுக்கு மேகநோய் வரக் கூடாதாம். அதற்காக யாரைப் பிடித்தான்? இந்த நாட்டு ஏழைப் பெண்களை! பெயரைப் பதிவு செய்ய வேண்டும், உடலைச் சோதனைக்குக் காட்ட வேண்டும், நோய் கண்டால் பூட்டிய மருத்துவமனையில் கிடக்க வேண்டும். நோயைக் கொடுத்த சிப்பாயைப் பூட்ட அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1888-இல் சட்டம் ஒழிந்தது. நோய் வந்தால் பெண்ணைப் பிடி என்ற எண்ணம் ஒழிந்ததா? இல்லை!

அப்படிப்பட்டவர்கள் என்று ஊரார் விரல் நீட்டிய அந்தக் குலத்திலிருந்துதான் ஒரு பெண் ஏட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் இடம் கேட்டபோது, இவள் வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று குதித்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் கூச்சலைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1927-இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். துணைத் தலைவராகவும் அமர்ந்தார். பொட்டுக்கட்டை ஒழிக்க வேண்டும் என்று அங்கே முழங்கினார். சனாதனக் கூட்டம் சீறியது. பெரியாரின் குடி அரசு துணை நின்றது. பொட்டுக்கட்டிய பெண்களிலேயே ஒரு சாரார் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். நிலம் போய்விடும், வாழ்வு போய்விடும் என்ற அவர்களுடைய அச்சம் பொய்யன்று. அம்மையாருக்கு அந்தப் பெண்கள் மீது இரக்கம் இருந்த அளவுக்குக் கண்டிப்பும் இருந்தது. அதை மறைப்பானேன்? ஆனால் 1929-இல் வந்த திருத்தம் மானிய நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கியது. அடுத்த ஆண்டு காந்தியார் சிறைப்பட்டதும் அம்மையார் பதவியை உதறினார். பொட்டுக்கட்டைத் தடுக்கும் முழுச் சட்டம் வர 1947 ஆயிற்று. இருபது ஆண்டுகள்!

அதே 1930-இல், அந்த வழக்கத்துக்குத் தப்பி வந்த சிறுமிகள் சென்னையில் தங்க இடம் தேடி அலைந்தார்கள். பார்ப்பனர் விடுதியில் இடமில்லை. பார்ப்பனரல்லாதார் விடுதியிலும் இடமில்லை. ஆம், தோழர்களே, நம்மவர் கதவும்தான் சாத்தியிருந்தது! அம்மையார் தம் வீட்டிலேயே சேர்த்துக் கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1968-இல் மறைந்தார்.

அவர் படித்த அதே மருத்துவக் கல்லூரியில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். விபசாரக் குற்றத்துக்காகச் சென்னையில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தை எடுத்து வேலூரில் சோதித்தார்கள். ஆறு பேருக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி வெளிப்பட்டது அப்போதுதான். பிறகு என்ன நடந்தது? கிருமி கண்ட பெண்களை வெளியே விடாமல் அடைத்தே வைத்தார்கள்! 1990-இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. அவர்களிடம் வந்து போன ஆண்களை எவரும் அடைக்கவில்லை. 1868 மீண்டும் வந்துவிட்டது பார்த்தீர்களா?

மருந்திலும் இதே கதைதான். 1996-இல் பணக்கார நாடுகளில் கூட்டு மருந்து உயிர் காக்கத் தொடங்கியது. அங்கேகூட எல்லோருக்கும் ஒரே நீதி இல்லை. அமெரிக்க மக்களில் எட்டில் ஒருவர்தான் கறுப்பர். ஆனால் புதிதாகக் கிருமி தொற்றுவோரில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் அவர்கள். நோய் தோலின் நிறம் பார்ப்பதில்லை. மருத்துவமனைக்குப் போகும் பாதைதான் பார்க்கிறது. 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அந்த மருந்தைத் தர முன்வந்தது. அதற்குப் பிறகும் நம் ஏழைக்கு அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். முதலில் கிடைத்த இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தோழர், என் மகளுக்கும் இதற்கும் என்ன என்றார். தாலி கட்டிய கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத எத்தனையோ மனைவிமார்கள் இந்தக் கிருமியோடு சாலமன் அம்மையாரிடம் வந்ததைச் சொன்னேன். தாய்க்குக் கிருமி இருந்து மருந்து தராவிட்டால், மூன்று குழந்தைகளில் ஒன்றுக்குத் தொற்றலாம். வேளையோடு மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போகும். அதனால்தான் எந்தக் குலம், எந்தத் தெரு என்று பாராமல் எல்லாத் தாய்மாருக்கும் பார்க்கிறார்கள் என்றேன்.

தோழர் தாளை வாங்கிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். முடிவு வாங்க எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையாம். தாமும் போவதாகச் சொன்னார், மருமகனையும் கூட்டிக்கொண்டு.