நஞ்சைத் தாமே சுவாசித்த ஹால்டேன்

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளிலே குஞ்சுகளுக்குக் கதகதப்பூட்டக் கரி அடுப்பு மூட்டுவதுண்டு. மின்சாரம் நின்றால், சேலத்துக் கடைகளிலே ஜெனரேட்டர் உறுமும். காற்றோட்டமில்லாத இடத்தில் இவை கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். அதன் வழியைத் தம் உடலிலேயே சோதித்து அறிந்தவரை நாம் மறக்கலாமா?

ஜான் ஸ்காட் ஹால்டேன் 1860-இல் எடின்பரோவில் பிறந்தார். வசதியான குடும்பம், அண்ணனோ பிரிட்டிஷ் அமைச்சர். இவர் இறங்கியதோ நிலக்கரிச் சுரங்கத்துக்குள்! 1896-இல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது வெடியல்ல, பின்னர் பரவிய இந்த வாயுவே என்று அவர் கண்டார். சிறு பறவைக்கு மூச்சு வேகம் அதிகம். மனிதனுக்கு முன்பே மயங்கிவிடும். அவர் காட்டிய வழியில் கானரிக் குருவிகள் சுரங்கக் காவலர்களாயின. 1986 வரை பிரிட்டனில் அந்தக் காவல் நீடித்தது.

அந்த நஞ்சை அவர் தாமே சுவாசித்தார். தம் இரத்தத்தில் பாதிக்கு மேல் அது பிடித்துக்கொள்ளும் வரை சுவாசித்தார். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு அது இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. மாற்று என்ன? 1895-இலேயே விடை தந்தார். இரு மடங்கு காற்றழுத்தமுள்ள பிராணவாயுவில் வைத்த சுண்டெலிகள் நஞ்சையும் மீறிப் பிழைத்தன! அழுத்தம் ஏறினால் பிராணவாயு இரத்த நீரிலேயே கரைந்து உடலுக்கு எட்டுகிறது. ஹால்டேன் 1936-இல் மறைந்தார். 1960-இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் இந்த முறையால் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தனர். அவர் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேனோ 1957-இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் கண்மூடினார்.

சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரமாகும். முகமூடி வழியே தூய பிராணவாயு தந்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி. உயர் அழுத்தக் கூண்டிலோ அரை மணிக்கும் குறைவு. நினைவிழந்தோர், கருவுற்ற தாய்மார் போன்றோருக்கே மருத்துவர்கள் இந்தக் கூண்டை முதலில் எண்ணிப் பார்க்கின்றனர். ஆனால் எல்லா ஊர்களிலுமா அது இருக்கிறது? ஆகவே, கூண்டைத் தேடி நேரத்தை வீணாக்காமல், முதலில் கதவுகளைத் திறப்போம். மயங்கியவரை வெட்டவெளிக்குக் கொணர்வோம். அருகிலுள்ள மருத்துவமனையில் பிராணவாயு கொடுக்கச் செய்வோம். உறங்கும் அறையில் கரி அடுப்பு வேண்டாம். ஜெனரேட்டர் வெளியிலேயே நிற்கட்டும்! அறிஞர் நஞ்சைச் சுவாசித்துச் சொன்ன பாடத்தை நாம் உயிர் கொடுத்தா கற்க வேண்டும்?