ஏழு தலைப் பாம்பின் பற்கள்

வௌவாலைப் பார்த்திருக்கீங்களா? அது பறவையா, விலங்கா? பறக்குதே, அப்போ பறவைதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதன் உடம்பில் ஓர் இறகுகூடக் கிடையாது. முடிதான் இருக்கு. குட்டி போட்டுப் பால் கொடுக்குது. அப்படியென்றால் நாம் எதைப் பார்த்து முடிவு செய்வது, சிறகையா, முடியையா?

இந்த மாதிரிக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர் கார்ல் லின்னேயஸ். 1707-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் தெற்கே ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தார். அவருடைய அப்பா தேவாலயத்தில் பாதிரியார். தோட்டம் என்றால் அவருக்கு உயிர். சிறுவன் கார்ல் ஒவ்வொரு செடியின் பெயரையும் கேட்பான். அடுத்த நாள் மறந்துவிட்டு மறுபடியும் கேட்பான். ஒருநாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. சொன்ன பெயர்களை ஞாபகம் வைத்துக்கொண்டால்தான் இனிமேல் புதுப் பெயர் சொல்லித் தருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கார்ல் ஒரு பெயரையும் மறக்கவில்லையாம்!

மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள், இவனுக்கு அந்தப் படிப்பு வராது என்று கைவிரித்துவிட்டார்கள். ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடலாமா என்றுகூட அப்பா யோசித்தார். நல்லவேளையாக ஒரு மருத்துவர் குறுக்கே வந்து, பையனை மருத்துவம் படிக்க வையுங்கள் என்று சொல்லிக் காப்பாற்றினார்.

1732-இல், இருபத்தைந்து வயதில், சுவீடனின் வடக்கே இருக்கும் லாப்லாந்துக்குத் தனியாகப் பயணம் போனார். அங்கே வழியில் ஒரு குதிரையின் தாடை எலும்பு தொங்கிக்கொண்டிருந்தது. நாமாக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிருப்போம். அவர் நின்று பார்த்தார். எந்த விலங்குக்கு எத்தனை பல், என்ன மாதிரிப் பல் என்று தெரிந்தாலே நாலுகால் விலங்குகளைச் சரியாகப் பிரித்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது.

பல் பார்க்கும் அந்தப் பழக்கம் மூன்று வருடத்தில் உதவியது. 1735-இல் ஹாலந்து நாட்டுக்குப் போகும் வழியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தங்கினார். அங்கே ஒரு பெரிய மனிதரிடம் அதிசயப் பொருள் ஒன்று இருந்தது. ஏழு தலைப் பாம்பு! அதை ரொம்பப் பெரிய விலைக்கு விற்கப் பேரம் நடந்துகொண்டிருந்தது. லின்னேயஸ் கிட்டப் போய் அதன் வாய்க்குள் பார்த்தார். அது பாம்பின் பல்லே இல்லை! கீரி மாதிரி இருக்குமே வீசல், அந்தச் சின்ன விலங்கின் தாடைகள். கால்களும் வீசலின் கால்களே. மேலே பாம்புத் தோலை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பார்த்ததை அவர் மறைக்கவில்லை, ஊரறியச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பாம்பை யார் வாங்குவார்கள்? விற்க நினைத்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? லின்னேயஸ் சீக்கிரமே அந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதே வருடம் அவருடைய புத்தகம் வெளிவந்தது. பெரிய தாள்தான், ஆனால் பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். அதில் விலங்குகளை ஆறு கூட்டமாகப் பிரித்தார். நாலுகால் விலங்குகள், பறவைகள், நீரிலும் நிலத்திலும் வாழ்பவை, மீன்கள், பூச்சிகள், புழுக்கள். மனிதனைக் குரங்கின் பக்கத்திலேயே வைத்தார். பல்லும் கையும் உடம்பும் அப்படித்தானே இருக்கு! சிலருக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் திமிங்கிலத்தை மாற்றினார். முதல் புத்தகத்தில் அது மீன்களோடு இருந்தது. துடுப்பு இருக்கு, கடலில் நீந்துது, வேறென்ன? 1758-இல் அந்தப் புத்தகத்தின் பத்தாம் பதிப்பு வந்தது. அதற்குள் அது 800 பக்கங்களைத் தாண்டி, 4,000-க்கும் மேற்பட்ட விலங்குகளோடு பெருத்திருந்தது. அதில் திமிங்கிலம் இடம் மாறியது. அது நுரையீரலால் மூச்சு விடுது, குட்டி போட்டுப் பால் கொடுக்குது. இதற்காகவே, நாலுகால் விலங்குகள் என்ற பழைய பெயரைத் தூக்கிவிட்டு, பாலூட்டிகள் என்று புதுப் பெயர் வைத்தார். திமிங்கிலத்துக்கு ஏது நாலு கால்? வௌவாலும் இதே கூட்டத்தில்தான்.

அவர் வீட்டில் ஷுப் என்று ஒரு ரக்கூன் வளர்ந்தது, தெரியுமா? சுவீடன் இளவரசர் கொடுத்தது. முட்டையும் உலர்திராட்சையும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் நாய் கடித்து ஷுப் செத்துப்போனது. வளர்த்த பிராணி என்றாலும், அதை அறுத்து உள்ளுறுப்புகளையும் பார்த்து எழுதிவைத்தார். ரக்கூனைக் கரடிக் கூட்டத்தில் சேர்த்தார். இன்று அதற்குத் தனிக் குடும்பமே இருக்கு.

நம் மயிலின் அறிவியல் பெயர் பாவோ கிறிஸ்டேட்டஸ். அதுவும் 1758-இல் லின்னேயஸ் வைத்ததுதான். 1778-இல் அவர் இறந்தார்.

ஒரு வேடிக்கை கேளுங்க. அதே 1758 புத்தகத்தில் காண்டாமிருகம் யாரோடு இருந்தது தெரியுமா? எலி, அணில், முயலோடு! முன்பற்களை வைத்துப் பிரித்ததால் வந்த வினை அது. இன்றைய அறிவியலாளர்கள் அதைக் குதிரைக்குச் சொந்தக்காரர் என்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கணுமா? விலங்குக் காட்சிசாலைக்குப் போகும்போது பல்லை விடுங்க, காண்டாமிருகத்தின் ஒரு காலில் எத்தனை விரல் என்று எண்ணுங்க. அப்புறம் குதிரையின் காலையும், மாட்டின் காலையும் பாருங்க.