சாக்குத் துண்டும் சவுதார் குளமும்

பாடசாலையில் பிள்ளைகளைப் பிரித்து இருத்தும் சமூகம், அதே பிரிவினையைக் குளத்தங்கரைக்கும் கொண்டு செல்லும். இவ்வுண்மையைத் தமது வாழ்வில் அனுபவித்து, அதற்கெதிராக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14 ஆம் திகதி மகார் குலத்தில் பிறந்த அவர், பாடசாலையில் ஏனைய மாணவருடன் அமர அனுமதிக்கப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்குத் துண்டை விரித்து மூலையில் தனித்திருந்தார். நீர்க்குழாயைத் தொடவும் உரிமையில்லை. சிற்றூழியர் திறந்துவிட்டால் தண்ணீர். அவர் இல்லையேல் தாகம்.

அமெரிக்காவிலும் இலண்டனிலும் கற்றுச் சட்டத்தரணியாகத் திரும்பினார். பொதுக் குளங்களும் கிணறுகளும் பாடசாலைகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியனவென 1923 இல் பம்பாய் சட்டசபை தீர்மானித்திருந்தது. ஏட்டில் உறங்கிய அத்தீர்மானத்துக்கு 1927 மார்ச் 20 ஆம் திகதி, மகாட் நகரின் சவுதார் குளத்தில் நீரருந்தி உயிரூட்டினார். அன்று தாக்குதலுக்குள்ளான மக்களில் சிலருக்கு முஸ்லிம் இல்லங்கள் அடைக்கலமளித்தன. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இடம் கிடைக்காதபோது, தமது காணியைத் தந்தவரும் ஒரு முஸ்லிமே.

இதற்கிடையில், குளம் தமக்கே உரியதெனச் சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றனர். திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தடையை மீறத் துடித்தனர். அம்பேத்கர் அவர்களை அமைதிப்படுத்தி, நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். அக்காத்திருப்பு ஏறத்தாழ பத்தாண்டுகள் நீண்டது. 1937 மார்ச் 17 ஆம் திகதி பம்பாய் மேல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்று எதிர்த்தரப்பினர் கூறியது நிரூபிக்கப்படவில்லை என்பதே அதன் முடிவாகும்.

வெற்றிதான், ஆனால், வழக்கம் நிரூபிக்கப்பட்டிருந்தால் அநீதியும் நியாயமாகியிருக்குமா? இக்கேள்விக்கு, அவர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பு 1950 இல் விடை தந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது. அரச நிதி பெறும் கல்வி நிலையங்களில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக எவருக்கும் அனுமதி மறுக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. கறுப்பின மாணவரைப் பிரித்துவைத்த பாடசாலை முறையை அமெரிக்க உயர் நீதிமன்றம் பிரவுண் வழக்கில் நிராகரித்தது அதன் பின்னர், 1954 இலேயே. 1956 டிசம்பர் 6 ஆம் திகதி அம்பேத்கர் மறைந்தார்.

பெரியநீலாவணையும் மருதமுனையும் போன்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நமது கரையோரம் இவ்வரலாற்றை மறக்கலாகாது. சட்டம் பாடசாலைக் கதவைத் திறந்துவிடும். ஆனால் மகாட்டில் அடிபட்டு ஓடிவந்தவருக்குத் திறந்தது, அயலவரின் வீட்டுக் கதவு. அதைத் திறக்கும்படி எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை.