சினிமா ராணி டி.பி. ராஜலக்ஷ்மி

தமிழின் முதல் பேசும் படக் கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி என்பது அங்கத்தினர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதற்கு முன்பே ஊமைப் படங்களில் நடித்தவர், பின்னர் படம் இயக்கியவர், தஞ்சை ஜில்லாவின் வைதீகக் குடும்பத்துப் பெண் என்பதெல்லாம் அவ்வளவாகத் தெரிந்திராது.

'டி' என்பது திருவையாறு. 'பி' என்பது தந்தை பஞ்சாபகேச சாஸ்திரிகள். 1911ல் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே விவாகம் நடந்தது; அது நிலைக்கவில்லை. தந்தையும் காலமானார். தாயாருடன் திருச்சிக்கு வந்த அந்தச் சிறுமிக்குப் பாட்டு ஒன்றுதான் ஆஸ்தி. குடும்பப் பெண்கள் மேடை ஏறுவதை ஊர் ஏற்காத காலத்தில், சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1929ல் வெளிவந்த 'கோவலன்' ஊமைப் படத்தில் நடித்தார். ஊமைப் படத்தில் இடையிடையே எழுத்துக்கள் தோன்றும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொல்வார். ராஜலக்ஷ்மியின் மூலதனமான குரலுக்கு அங்கே வேலையே இல்லை.

அந்தக் குறை இரண்டே வருடங்களில் நீங்கியது. பம்பாயில் ஹெச்.எம். ரெட்டி எடுத்த 'காளிதாஸ்' 31.10.1931 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியானது. அவர் தமிழில் பேச, மற்றவர்களில் சிலர் தெலுங்கில் பேசினார்கள்! ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதில் தியாகராஜ கீர்த்தனைகளும் இருந்தன. ராட்டினத்தின் பெருமை சொல்லும் தேசியப் பாடலும் இருந்தது.

1933ல் 'வள்ளி திருமணம்' பெரும் வெற்றி பெற்றது. அதில் உடன் நடித்த டி.வி. சுந்தரத்தையே பிறகு மணந்தார். 1936ல் தாம் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு மூன்றும் அவரே. வடக்கே பாத்மா பேகம் 1926லேயே படம் இயக்கிவிட்டார் என்றாலும், தென்னாட்டில் ராஜலக்ஷ்மியே முதல் பெண் இயக்குநர். 1964ல் காலமானார்.

அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். நாளடைவில் தானே சிதைந்தும் போகும். 'கோவலன்', 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' எதற்கும் இன்று பிரதி இல்லை. அவர் சாதனையைக் காட்ட இந்தப் படங்களின் ஒரு சுருளும் மிஞ்சாத நிலையில், வீட்டுக் குழந்தைகளுக்கு அவரைப் பற்றி எடுத்துச் சொல்வது நம் கடமையாகிறது. இளம் வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று பிறர் தீர்மானித்த ஒரு பெண், தன் உழைப்பால் சினிமா ராணி என்று பெயர் வாங்கினார்.