நாளந்தாவின் மாணவர்

வரலாற்று நூல்கள் யுவான் சுவாங்கைப் பயணி என்றே அறிமுகம் செய்கின்றன. அவர் கடந்த தொலைவும் கண்ட நாடுகளும் அப்பெயருக்கு உரியனவே. ஆயினும், ஊர் காணும் ஆவல் அவரைச் சீனத்திலிருந்து வெளியேற்றவில்லை. ஒரு நூலை அதன் மூலமொழியில், அதனை முழுதும் அறிந்த ஆசிரியரிடம் கற்றுத் தெளிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் நகருக்கு அருகில் பிறந்த அவர், 13 வயதிலேயே பௌத்த மடத்தில் சேர்ந்தார். சுயி அரசு சிதைந்து உள்நாட்டுப் போரும் பஞ்சமும் பரவிய காலம் அது. தமையனாருடன் செங்டு நகருக்குச் சென்று, புகழ்பெற்ற ஆசிரியர் பலரிடம் பாடம் கேட்டார். ஓர் ஆசிரியர் கூறிய பொருளை மற்றொருவர் மறுத்தார். மொழிபெயர்ப்புகளும் தம்முள் முரண்பட்டன. யோகாசாரபூமி என்னும் பெருநூலோ சீனத்தில் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்நூல் இருக்கும் இடத்திற்கே செல்வதென அவர் முடிவு செய்தார். அரசு எல்லை கடக்கத் தடை விதித்திருந்தது. அவருடைய விண்ணப்பமும் மறுக்கப்பட்டது. 629ஆம் ஆண்டில், பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

பாலைவனத்தில் தண்ணீர்ப்பை கைநழுவிக் கவிழ்ந்தது. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரின்றிக் கழிந்தன. துர்பான் மன்னர் வேறு வகையில் இடர் விளைத்தார். அவருடைய புலமையில் மயங்கித் தம் நாட்டிலேயே இருத்திக்கொள்ள முயன்றார். யுவான் சுவாங் உண்ணாநோன்பு மேற்கொண்ட பின்னரே மன்னர் மனம் இளகினார். பொன்னும் துணையும் பரிந்துரை மடல்களும் தந்து வழியனுப்பினார்.

மகதத்தில் இருந்த நாளந்தாவை அவர் அடைந்தபோது, அது குப்த மன்னர் காலந்தொட்டு இருநூறாண்டு வளர்ந்திருந்தது. அதன் வாயிலிலேயே தேர்வு தொடங்கியது. வாயில் காக்கும் அறிஞர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூற இயலாமல், வெளியூரிலிருந்து வந்தோருள் பத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பினர். உள்ளே நாள்தோறும் நூறு மேடைகளில் பாடம் நிகழ்ந்தது. பௌத்தத்தின் பதினெட்டுப் பிரிவுகளோடு வேதம், அளவையியல், இலக்கணம், மருத்துவம், சாங்கியம் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. தம் சமயத்திற்கு மாறான கருத்தை மறுக்க விழைவோர் முதலில் அதனைப் பழுதறக் கற்க வேண்டியிருந்தது. மன்னர் அளித்த ஊர்களிலிருந்து அரிசியும் பாலும் நெய்யும் நாள்தோறும் வந்தன. ஆகவே, மாணவர் எவரும் உணவுக்காக இரந்து திரியவில்லை. பயிலும் பொழுது முழுவதும் பயில்வதற்கே எஞ்சியது.

அங்கு இருபது நூல்தொகுதிகளை விளக்க வல்லார் ஆயிரவர். ஐம்பதை விளக்க வல்லார் பதின்மர். எல்லாவற்றையும் அறிந்தவர் தலைவர் சீலபத்திரர் ஒருவரே. நூறு வயதைக் கடந்திருந்த அம்முதியவர் நெடுங்காலமாக மூட்டுநோயால் வருந்தியவர். நோய் தாளாது உயிர்விடத் துணிந்த அவர், சீனத்திலிருந்து மாணவர் ஒருவர் வருவார் எனக் கனவு கண்டு காத்திருந்தார் என்று யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு கூறும். கனவு எவ்வாறாயினும், அம்மாணவர் வந்து வணங்கியபோது முதியவர் கண்ணீர் விட்டதாக அந்நூல் குறிக்கிறது.

சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர். அவர் காஞ்சி மாநகரில் அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, மன்னர் மகளோடு நிகழவிருந்த திருமணத்தைத் துறந்து வெளியேறி, நாளந்தாவின் தலைமையை எய்தியவர். இளமையிலேயே மறைந்த அவருடைய கல்வி சீலபத்திரர் வழியாகச் சீன மாணவருக்கு வந்து சேர்ந்தது. யோகாசாரபூமியை முதன்முறை பாடம் கேட்டு முடிக்கவே 15 மாதங்கள் ஆயின. அதன்பின் மீண்டும் மீண்டும் கேட்டார். பாணினியின் இலக்கணமும் அளவையியலும் பயின்றார். பின்னர்த் தெற்கே காஞ்சிக்கும் வந்து, அதனைத் தருமபாலரின் பிறப்பிடம் என்று குறித்துச் சென்றார்.

நாளந்தாவுக்கு மீண்டபின் அவரே அங்கு ஆசிரியராக விளங்கினார். 643ஆம் ஆண்டில் அரசர் ஹர்ஷர் கன்னோசியில் கூட்டிய பேரவையில் பதினெட்டு நாட்கள் அவருடைய கருத்து முன்வைக்கப்பட்டது. மறுத்துரைக்க எவரும் எழவில்லை. உடன் கற்றோர் அவரைப் புத்தர் பிறந்த நாட்டிலேயே தங்குமாறு வற்புறுத்தினர். கற்றதைத் தம் மக்களுக்குக் கொண்டுசெல்லும் கடமை தமக்குண்டு என்று அவர் உரைத்ததைச் சீலபத்திரர் ஏற்று விடை கொடுத்தார்.

சிந்து ஆற்றைக் கடக்கையில் படகு அலைக்கழிய, ஐம்பது சுவடிகள் நீரில் போயின. எஞ்சிய 657 நூல்களை இருபது குதிரைகள் சுமக்க, 645ஆம் ஆண்டில் அவர் சாங்ஆன் நகருக்குள் நுழைந்தார். ஒளிந்து சென்றவரை நகரமே திரண்டு வரவேற்றது. பேரரசர் அளிக்க முன்வந்த அரசுப் பதவியை ஏற்காமல், மொழிபெயர்ப்புக்கென ஓர் இடத்தை மட்டும் வேண்டிப் பெற்றார். பத்தொன்பது ஆண்டுகளில் 75 நூல்கள் சீன மொழியில் உருப்பெற்றன. யோகாசாரபூமி மட்டுமே நூறு சுருள்களாக விரிந்தது. இடையில் சீலபத்திரர் மறைந்த செய்தி எட்டியது. 654ஆம் ஆண்டில் நாளந்தாவிலிருந்த ஞானப்பிரபருக்கு இரங்கல் மடல் வரைந்தபோது, சிந்துவில் இழந்த நூல்களின் பட்டியலையும் அதனுடன் இணைத்து, அவற்றின் படிகளை அனுப்புமாறு வேண்டினார்.

தம் இறுதி ஆண்டுகளில் பிரஞ்ஞாபாரமிதை நூலை அறுநூறு சுருள்களாக மொழிபெயர்க்கத் தொடங்கினார். சுருக்கி எழுதுமாறு மாணவர் வேண்டினர்; ஒரு சொல்லையும் விட அவர் இசையவில்லை. அப்பணியை 663இல் நிறைவு செய்து, மறு ஆண்டில் மறைந்தார்.

ஐந்தரை நூற்றாண்டுகளுக்குள் நாளந்தாவும் அழிவுற்றது. தருமபாலர் எழுதிய உரைகளின் வடமொழி மூலங்கள் மறைந்துவிட்டன. காஞ்சியில் பிறந்த அவருடைய கருத்தை அறிய விழைவோர் இன்று யுவான் சுவாங்கின் சீனச் சுருள்களையே நாடுகின்றனர்.