நான்காம் நாட்டில் ஒரு வீடு

பொருள் தேடிக் கடல் கடந்த தமிழர் கதையை நாம் அறிவோம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றோர் பட்ட பாட்டைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால், கடல் கடந்து நம் திருவண்ணாமலைக்குக் குடிவந்தோரும் உண்டு. அவர்களுள் ஒருவர் ஆர்தர் ஆஸ்பர்ன்.

1906-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த ஆஸ்பர்ன், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். பிறந்த மண்ணிலேயே நல்ல பதவி பெற்று வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய உள்ளம் அதில் ஒட்டவில்லை. போலந்து நாட்டிற்குச் சென்று ஆசிரியரானார். அங்கே லூசியா என்னும் போலந்துப் பெண்மணியை மணந்தார். பின்னர் சயாம் நாட்டின் பாங்காக் நகரில், சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. மறுபடியும் மூட்டை கட்டினர். மறுபடியும் புதிய மொழி, புதிய உணவு, புதிய வெயில்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்தினுள் புகுந்தது. லூசியா அம்மையாருக்குத் திரும்பிச் செல்லத் தாய்வீடு இல்லாமற் போயிற்று. ஐரோப்பா எங்கும் போர்த்தீ. இந்நிலையில் 1941-இல் அக்குடும்பம் விடுமுறைக்காக இந்தியா வந்தது. திருவண்ணாமலையில் நண்பர் ஒருவரின் வீடு அவர்களுக்குக் கிடைத்தது. மனைவியும் மூன்று குழந்தைகளும் இங்கே தங்கினர். பிழைப்பை விட முடியாத ஆஸ்பர்ன் மட்டும் சயாம் திரும்பினார். சில திங்களில் மீண்டும் சந்திப்போம் என்றுதானே எந்தக் குடும்பமும் எண்ணும்?

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை சயாமில் இறங்கியது. பிரிட்டிஷ் குடிமகனான ஆஸ்பர்ன் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். முகாம் வாழ்வு மூன்றரை ஆண்டுக்கும் மேல் நீண்டது.

இங்கே ஒரு தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்த நாடு பகைவர் கையில், கணவர் சிறையில், சுற்றிலும் பேசப்படுவதோ அறியாத மொழி. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கே நெடுநாள் சேதியில்லை. அம்மையார் கலங்கி அமர்ந்துவிடவில்லை. குழந்தைகளை வளர்த்தார். ரமணாசிரமம் அக்குழந்தைகளுக்கு விளையாட்டுக் களமாயிற்று. அவர்களுள் ஒருவர் ரமணரிடம் சென்று, தந்தையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டதாகவும், அவர் புன்னகையுடன் தலையசைத்ததாகவும் கூறுவர்.

1945-இல் போர் முடிந்தது. விடுதலையான ஆஸ்பர்ன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாதியில் நின்ற குடிமாற்றம் அன்றுதான் நிறைவேறியது!

அத்தோடு துன்பம் தீர்ந்ததா? இல்லை. வயிற்றுப்பாடு விடவில்லை. சென்னையில் செய்தித்தாள் பணி, கல்கத்தாவில் பள்ளித் தலைமைப் பணி எனப் பல ஆண்டுகள் வெளியூர்களில் உழைத்தார். பின்னரே இங்கு நிலையாகத் தங்கினார். ரமணரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1964 ஜனவரியில் 'மவுண்டன் பாத்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கி, 1970-இல் மறையும்வரை அதன் ஆசிரியராக இருந்தார்.

அவருடைய மகன் ஆடம், 1981-இல் உலகம் வியந்த ஒரு கணிப்பொறியை வெளியிட்டார். 'ஆஸ்பர்ன் 1' என்னும் அது சுமார் 11 கிலோ எடை கொண்டது; பெட்டிபோல் மூடி, கையில் தூக்கிச் செல்லத்தக்கது. ஊர் ஊராகப் பெட்டி தூக்கிய குடும்பத்தில் வளர்ந்தவர் அல்லவா! அமெரிக்காவில் புகழ்பெற்ற அவரும் இறுதியில் தமிழ்நாட்டிற்கே திரும்பி, 2003-இல் கோடைக்கானலில் காலமானார்.

நம்முள்ளும் பலர் நாளை வேலை நாடி வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்லக்கூடும். கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் பணத்தால் கிடைத்துவிடும். பிரிவைத் தாங்கும் நெஞ்சுறுதியும், நாம் இல்லாதபோது நம் குடும்பத்தைத் தம் குடும்பமாய்க் காக்கும் ஓர் ஊரும் எளிதில் கிடைப்பவை அல்ல. ஆஸ்பர்ன் குடும்பத்திற்கு அந்த ஊராக நம் திருவண்ணாமலை விளங்கியது. இன்றும் நம் தெருக்களில் அயல்நாட்டார் பலரைக் காண்கிறோம். அவர்களை வேடிக்கை பார்த்துக் கடந்து செல்லாமல், ஒரு நல்ல சொல் சொல்லிக் கடப்போம்.